விழுந்த சீட்டும் விளையாடிய கையும்

(நாகர்கோவிலில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவுக்குப் போக்கர் சீட்டாட்டத்தைப் பொருளாக எடுத்துக்கொண்டால் அவையில் சிலர் புருவம் நெரிப்பது இயல்பு. வள்ளுவர் சூதுக்கென்றே ஓர் அதிகாரம் ஒதுக்கிக் கண்டித்த மொழி இது. பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களைத் தடை செய்து 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றமும் சட்டம் இயற்றிவிட்டது. எனவே யாரையும் ஆடச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் போக்கரை நன்றாக ஆடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு கை ஆட்டம் முடிந்ததும் பணம் வந்ததா போனதா என்பதை ஓரமாக ஒதுக்கிவிட்டு, “அந்த நேரத்தில் எனக்குத் தெரிந்ததை வைத்துப் பார்த்தால் நான் செய்தது சரிதானா?” என்று கேட்பார்கள். தோற்ற கையைச் சரி என்றும், ஜெயித்த கையைத் தவறு என்றும் சொல்ல அவர்களுக்குக் கூச்சமில்லை. நம்மிடம் இல்லாதது இந்தப் பழக்கம்தான். நமக்கு ஜெயித்தவன் கெட்டிக்காரன், தோற்றவன் விவரம் கெட்டவன். இந்த எளிய தீர்ப்பால் நாஞ்சில் நாட்டில் விவசாயியும் மீனவரும் மருத்துவரும் அநியாயமாகப் பழி சுமக்கிறார்கள். பழி சுமக்க வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். இன்று நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

1. ஒரு கை

ஆட்டத்தை அறியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ‘டெக்சாஸ் ஹோல்டெம்’ என்ற வகையில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டு. மேசை நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு படிப்படியாகத் திறக்கப்படும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவருக்கு நடுவில் குவிந்த பணம்.

மேசையில் நான்கு சீட்டு திறந்தாயிற்று, இன்னும் ஒன்றுதான் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கையிலும் மேசையிலுமாக நான்கு இஸ்பேட் சேர்ந்திருக்கிறது. ஐந்தாவது இஸ்பேட் விழுந்தால் ஜெயம், விழாவிட்டால் தோல்வி. 52 சீட்டில் நீங்கள் பார்த்தது 6, பார்க்காதது 46. அதில் மிச்சமுள்ள இஸ்பேட் 9. எதிராளி கட்டியதையும் சேர்த்து நடுவில் ₹1,000 இருக்கிறது. தொடர்ந்து ஆட நீங்கள் ₹200 கட்ட வேண்டும். கட்டலாமா?

46 முறையில் 9 முறை ₹1,000 வரும்: ₹9,000. மீதி 37 முறை ₹200 போகும்: ₹7,400. நிகர லாபம் ₹1,600. அதை 46ஆல் வகுத்தால் ஒரு முறைக்குச் சுமார் ₹35 லாபம். இதற்குத்தான் எதிர்பார்ப்பு மதிப்பு என்று பெயர். வரக்கூடிய ஒவ்வொரு பலனையும் அது வருவதற்கான வாய்ப்பால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டினால் கிடைக்கும் தொகை அது. இங்கே அது லாபக் கணக்கு; ஆகவே கட்டுவது சரி. ஆனால் இந்தச் ‘சரியான’ தீர்மானத்தை எடுப்பவர் பத்தில் எட்டு முறை தோற்பார்.

அதே சீட்டு, அதே மேசை, ஆனால் கட்ட வேண்டியது ₹300 என்றால்? வருவது அதே ₹9,000. போவது 37 முறை ₹300, அதாவது ₹11,100. ஒரு முறைக்குச் சுமார் ₹46 நட்டம். இப்போது கட்டுவது தவறு. தவறாகக் கட்டியவருக்கு இஸ்பேட் விழுந்து பணம் வந்துவிட்டாலும் அது தவறுதான். ₹200க்கும் ₹300க்கும் நடுவில் சீட்டுக்கட்டு மாறவில்லை, அதிர்ஷ்டம் மாறவில்லை. விலை மாறியது, அதனால் தீர்மானத்தின் தரம் மாறியது.

2. எண்ணக் கற்ற நளன்

இந்தக் கணக்கின் வரலாற்றை ஐரோப்பியர் 1654இல் தொடங்குவார்கள். பாதியில் நின்ற சூதாட்டத்தில் பணத்தை எப்படிப் பங்கிடுவது என்று கணித அறிஞர்கள் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதிக்கொண்ட ஆண்டு அது. 1657இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் எதிர்பார்ப்பு மதிப்பை ஒரு சிறு நூலில் ஒழுங்காக எழுதி வைத்தார்.

நமக்கு அதைவிடப் பழைய கதை ஒன்று தெரியும். நளன் சூதில் நாட்டை இழந்தான். கலி பிடித்தது என்று நாம் அதோடு நிறுத்திக்கொள்கிறோம். மகாபாரதத்தின் வனபருவத்தில் கதை மேலும் போகிறது. அயோத்தி மன்னன் இருதுபர்ணனுக்குத் தேரோட்டியாக இருக்கையில், மன்னன் ஒரு தான்றி மரத்தைப் பார்த்து அதன் இலைகளும் காய்களும் இத்தனை என்று சொல்கிறான். நளன் இறங்கி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. சூதின் உட்பொருளையும் எண்ணும் வித்தையையும் அந்த மன்னனிடம் கற்ற பிறகே கலி நளனை விட்டு நீங்குகிறது. பழைய காலத்துச் சூதுக்காயே தான்றிக்காய்தான். விதியால் தோற்றதாகச் சொல்லப்பட்டவன் கணக்கைக் கற்று மீண்டான் என்ற இந்தப் பகுதியை இந்திய நிகழ்தகவுச் சிந்தனைக்குச் சான்றாக அறிவியல் வரலாற்றாசிரியர்கள் எடுத்துக்காட்டுவதுண்டு. கதாகாலட்சேபங்களில் கலிக்குக் கிடைக்கும் நேரம் இந்தத் தான்றி மரத்துக்குக் கிடைப்பதில்லை.

3. பலனைக் கண்டு பழி

1988இல் ஜோனதன் பேரன், ஜான் ஹெர்ஷி என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 55 வயது இதய நோயாளி. அறுவை சிகிச்சை செய்யலாம். ஆனால் அதில் 100க்கு 8 பேர் இறக்கிறார்கள். மருத்துவர் செய்யத் தீர்மானிக்கிறார். நோயாளி பிழைத்தார் என்று சொன்னபோது, இந்த விவரத்தைப் படித்தவர்கள் அந்தத் தீர்மானத்துக்கு நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். இறந்தார் என்று சொன்னபோது அதே தீர்மானத்துக்கு மதிப்பெண்ணைக் குறைத்தார்கள். மருத்துவருக்குத் தெரிந்திருந்தது இரண்டிலும் ஒன்றே.

நம் ஊரில் இதை நிரூபிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. பிரசவம் நல்லபடி முடிந்தால் டாக்டரம்மா கைராசிக்காரர். ஒரு தாய் இறந்துவிட்டால் மருத்துவமனைக் கண்ணாடி உடைகிறது. அந்த மருத்துவர் செய்தது சரியா தவறா என்பதை நோய்க்குறிப்பேட்டைப் பார்த்தல்லவா சொல்ல வேண்டும்? குறிப்பேட்டில் உண்மையிலேயே அலட்சியம் தெரியலாம். அப்படியானால் அதே அலட்சியத்தோடு முந்தின வாரம் பார்த்துத் தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பிய பிரசவமும் குற்றம்தான். அதை நாம் யாரும் கேட்பதில்லை. தலைக்கவசம் இல்லாமல் திருவனந்தபுரம் சாலையில் போய் முழுதாக வீடு திரும்புகிறவன் ஒவ்வொரு நாளும் தவறான பாடத்தையே கற்றுக்கொண்டு வருகிறான்.

4. களியக்காவிளைக்கு அப்பால்

தமிழ்நாட்டில் லாட்டரி 2003 ஜனவரியில் தடை செய்யப்பட்டது. கேரளத்திலோ 1967 முதல் அரசே லாட்டரித் துறை நடத்துகிறது. நம் மாவட்டத்துக்கு இது செய்தித்தாள் விஷயமல்ல. எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டினால் பாறசாலையில் லாட்டரிச் சீட்டு தொங்குகிறது.

2023ஆம் ஆண்டுத் திருவோணம் பம்பர் லாட்டரியை எடுத்துக்கொள்வோம். சீட்டு விலை ₹500. முதல் பரிசு ₹25 கோடி. 75 லட்சத்துக்கு மேல் சீட்டுகள் விற்றன. 25 கோடியை 75 லட்சத்தால் வகுத்தால் ஒரு சீட்டுக்கு ₹33 சொச்சம். முகவர் கழிவு 10 சதவீதமும், மிச்சத்தில் வரி 30 சதவீதமும் போனால் மிஞ்சுவது ₹15.75 கோடி, ஒரு சீட்டுக்கு ₹21. மற்ற பரிசுகளையும் சேர்த்து மொத்தப் பரிசுத்தொகை சுமார் ₹125 கோடி என்பதால், எல்லாவற்றையும் கூட்டினாலும் வரிக்கு முன்பே ஒரு சீட்டின் எதிர்பார்ப்பு மதிப்பு ₹170ஐத் தொடவில்லை. ₹500 கொடுத்து, சராசரியில் அதில் மூன்றில் ஒரு பங்கு மதிப்புள்ள காகிதத்தை வாங்குகிறோம்.

அந்த ஆண்டு முதல் பரிசு தமிழ்நாட்டுக்கே வந்தது. திருப்பூரைச் சேர்ந்த நண்பர்கள் நால்வர் சேர்ந்து எடுத்த சீட்டு. அவர்களுக்கு நம் வாழ்த்துகள். ஆனால் குலுக்கலுக்கு முந்தின நாள் அந்தச் சீட்டின் மதிப்பு என்னவோ, அதுதான் அவர்கள் தீர்மானத்தின் மதிப்பும். குலுக்கல் அவர்களைக் கோடீஸ்வரர் ஆக்கியது. வாங்கிய தீர்மானத்தை நல்ல முதலீடாக ஆக்கவில்லை. ₹500க்கு நான்கு வாரக் கனவு கிடைக்கிறது, அது எனக்குப் போதும் என்று ஒருவர் சொன்னால் மறுக்க மாட்டேன். சினிமா டிக்கெட்டைப் போல அது செலவு. மகள் கல்யாணத்துக்கு வழி பார்க்கிறேன் என்று வாங்குகிறவரிடம்தான் இந்தக் கணக்கைச் சொல்ல வேண்டும். இந்த வியாபாரத்தில் அதிர்ஷ்டத்தை நம்பாத ஒரே தரப்பு லாட்டரித் துறை. யாருக்கு விழுந்தாலும் அதன் கணக்கு மாறுவதில்லை.

5. சட்டம் கேட்ட கேள்வி

நம் நீதிமன்றங்கள் நீண்ட காலமாக ஒரே கேள்வியைக் கேட்டு வந்திருக்கின்றன: ஆட்டத்தில் மேலோங்கி நிற்பது திறமையா, அதிர்ஷ்டமா? 1968இல் சத்தியநாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் ரம்மியைத் திறமை மேலோங்கிய ஆட்டம் என்றது. ‘மூன்று சீட்டு’ ஆட்டத்தை அதிலிருந்து வேறுபடுத்தியது. 1996இல் தமிழ்நாட்டிலிருந்து போன கே. ஆர். லட்சுமணன் வழக்கில், குதிரைப் பந்தயத்தையும் திறமையின் பக்கம் வைத்தது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் இணைய ரம்மி, போக்கர் ஆகியவற்றைத் தடுத்த சட்டத் திருத்தத்தை ரத்து செய்தது. பணம் இழந்தவர்களின் தற்கொலைகள் தொடர்ந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையிலான குழு 2022இல் அறிக்கை தந்தது. அதன் அடிப்படையில் பிறந்த சட்டத்தை 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்களின் பட்டியலில் வைத்ததை மட்டும் ஏற்கவில்லை.

போக்கரில் திறமை உண்டு என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலே போட்ட இஸ்பேட் கணக்கே அதற்குச் சாட்சி. ஆனால் வீட்டில் கைபேசியோடு உட்கார்ந்திருந்த இளைஞனுக்கு வேண்டியிருந்த கேள்வி வேறு: இந்த மேசையில் எனக்கு எதிர்பார்ப்பு மதிப்பு லாபமா, நட்டமா? ஆறு பேர் ஆடும் மேசையில் ஒருவர் ஜெயிப்பது மற்றவர் இழப்பதுதான், கூட்டினால் பூஜ்யம். அதிலிருந்து நடத்துகிற நிறுவனம் ‘ரேக்’ என்று ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே ஆறு பேரும் சமத் திறமையுள்ளவர்கள் என்றால் ஆறு பேருக்கும் நட்டம். 2023 அக்டோபர் 1 முதல் கட்டும் பணத்தின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி.யும் சேர்ந்தது. அதை நிறுவனம் தன் கையிலிருந்து ஈடு செய்யாவிட்டால், ₹100 அனுப்பினால் மேசைக்கு வந்தது ₹78 சொச்சம்.

திறமை இருந்தால் மட்டும் போதாது. ரேக்கையும் வரியையும் தாண்டுகிற அளவுக்கு எதிராளிகளைவிடத் திறமை வேண்டும். அந்த அளவு சிலரிடமே இருக்க முடியும். 2025 சட்டம் திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாட்டையே விட்டுவிட்டு, பணம் வைத்தால் தடை என்றது. அது சரியா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ‘திறமை ஆட்டம்’ என்ற சான்றிதழை ‘நமக்கு லாபம் வரும் ஆட்டம்’ என்று படித்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள் என்பது என் கருத்து.

6. முதல் தப்ப வேண்டும்

இதுவரை சராசரியைப் புகழ்ந்தேன். இப்போது அதன் வரம்பைச் சொல்ல வேண்டும்.

நாணயம் சுண்டுகிறோம். தலை விழுந்தால் வைத்தது மூன்று மடங்காகும்; பூ விழுந்தால் எல்லாம் போகும். ₹1,000 வைத்தால் எதிர்பார்ப்பு மதிப்பு ₹1,500. அருமையான ஆட்டம்! கையிலுள்ள எல்லாவற்றையும் வைத்துப் பத்து முறை ஆடினால்? சராசரி சுமார் ₹57,700 என்று கணக்கு சொல்லும். ஆனால் 1,024 பேர் ஆடினால் 1,023 பேர் ஓட்டாண்டி. ஒருவரிடம் மட்டும் ₹5.9 கோடி. அந்தச் சராசரித் தொகை ஒருவர் கையிலும் இல்லை.

மறுபடி உட்கார்ந்து ஆட முடிகிறவனுக்கே சராசரி சொந்தம். 1956இல் பெல் ஆய்வுக்கூடத்தின் ஜான் கெல்லி, சாதகமான பந்தயத்தில்கூடக் கையிருப்பில் எவ்வளவு பங்குதான் வைக்கலாம் என்பதற்கு ஒரு வாய்பாடு தந்தார். தேர்ந்த போக்கர்காரர்கள் கையிருப்பில் சிறு பகுதியை மட்டுமே ஒரு மேசைக்குக் கொண்டு போவது இதனால்தான். வரப்போகும் ஆக்கத்தை நினைத்து இருக்கும் முதலை இழக்கிற காரியத்தில் அறிவுடையார் இறங்கமாட்டார் என்று தெரிந்துசெயல்வகை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதும் இந்த எல்லைக்கோட்டைத்தான். சூது அதிகாரத்தில் அவர் வெற்றியையே தூண்டிலில் மீன் விழுங்கிய இரைக்கு ஒப்பிடுகிறார். தோல்வியைக் காட்டிப் பயமுறுத்துவதைவிடக் கூர்மையான எச்சரிக்கை அது. முதல் நாள் ஜெயித்தவனுக்குத்தான் தன் தீர்மானத்தைச் சோதிக்கத் தோன்றாது.

7. ரப்பரும் ஒக்கியும்

இனி நம் மண்ணுக்கு வருவோம். குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பர் வைக்கிறவருக்குப் பால்வெட்டு தொடங்க ஏழு ஆண்டு ஆகும். 2001 வாக்கில் ரப்பர் விலை கிலோ ₹30 சொச்சம். அப்போது கன்று நட்டவர் 2008இல் வெட்டத் தொடங்கி, 2011இல் கிலோ ₹200ஐத் தாண்டிய விலையைப் பார்த்தார். அந்த விலையைக் கண்டு 2011இல் நட்டவர் 2018இல் கத்தி வைத்தபோது விலை பெரிதும் இறங்கியிருந்தது. இடையில் 2016 தொடக்கத்தில் அது ₹100க்கும் கீழே போயிருந்தது. முதலாமவர் தீர்க்கதரிசி, இரண்டாமவர் பேராசைக்காரர் என்று ஊர் சொல்கிறது.

நான் இருவரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பேன். நட்டபோது ஏழு ஆண்டுக்குப் பிந்தைய விலையை எதை வைத்து மதித்தீர்கள்? முதலாமவர், “ஒண்ணும் நினைக்கல்ல, இருந்த கன்னை வச்சேன்” என்றால், அவருடையது நல்ல விளைவு. நல்ல தீர்மானம் என்று சொல்ல ஆதாரமில்லை. இரண்டாமவர் பல ஆண்டு விலையைப் பார்த்து, விலை பாதியானாலும் தாங்கும்படி விளையில் பாதியைத் தென்னைக்கு விட்டிருந்தால், நட்டத்திலும் அவர் செய்தது சரி. உச்ச விலையே நிரந்தர விலை என்று கடன் வாங்கி நட்டிருந்தால், விலை ஏறியிருந்தாலும் அது தவறு.

அடுத்தது 2017 நவம்பர். 29ஆம் தேதி தாழ்வு மண்டலமாக அறியப்பட்டது 30ஆம் தேதி காலை கன்னியாகுமரிக்குத் தெற்கே ஒக்கிப் புயலானது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பலர் அதற்குப் பல நாள் முன்பே கரையிலிருந்து நெடுந்தூரம் போய்விட்டிருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அதன்பின் சிலர் சொன்னது நினைவிருக்கும்: “இவ்வளவு துணிச்சல் எதற்கு?”

அந்தப் பேச்சு அநியாயம். கிளம்பிய நாளில் கடல் அமைதி, எச்சரிக்கை எதுவுமில்லை, தலைமுறைத் தொழில். அன்று தெரிந்ததை வைத்துப் பார்த்தால் அவர்கள் தீர்மானத்தில் குறையில்லை. குறை வேறிடத்தில் இருந்தது. நெடுந்தூரம் போகும் படகுக்குக் கரையிலிருந்து செய்தி சேரும் ஏற்பாடு செய்யாமல் விட்டதும் ஒரு தீர்மானம்தான். புயலின் வாய்ப்பு ஓர் ஆண்டில் சிறியதாக இருக்கலாம். போவது உயிர் என்னும்போது அந்தச் சிறிய வாய்ப்பே போதும். ஆகவே அந்தத் தீர்மானம் 2017இல் மட்டும் பிழையானதல்ல. குமரிக் கரையில் புயல் வராத 2016இலும் 2015இலும் பிழையாகவே இருந்தது. யாரும் சாகாததால் யாரும் கேட்கவில்லை. செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் மீனவர்களுக்குத் தரப்பட்டது ஒக்கிக்குப் பிறகே. பலனை மட்டும் பார்க்கும் ஊர், பிணம் விழுந்த பிறகுதான் கேள்வி கேட்கும்.

8. ஏட்டில் எழுதி வைப்பது

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். “தீர்மானம் சரி, நேரம்தான் சரியில்லை” என்று தோற்றவனெல்லாம் சொல்லித் தப்பிக்க இது வழியாகிவிடாதா? ஆகும், கணக்கை முன்னதாக எழுதி வைக்காவிட்டால். பலன் தெரிந்த பிறகு நம் நினைவு தனக்கு வசதியாகத் திருத்திக்கொள்ளும். நல்ல போக்கர்காரர்கள் ஆடிய கைகளைப் பதிந்து வைத்து மறுநாள் ஆராய்வது அதனால்தான்.

முன்னதாக எழுத வேண்டியவை நான்கு: அன்று தெரிந்தது என்ன, வேறு வழிகள் எவை, ஒவ்வொன்றும் பலிக்க எவ்வளவு வாய்ப்பு என்று மதித்தோம், பலிக்காவிட்டால் தாங்குமா. ஒரு தடவையை வைத்து எதையும் சொல்ல முடியாது. நூறு தடவை ‘பத்தில் எட்டு’ என்று எழுதியது ஐம்பது தடவைதான் பலித்தது என்றால், கெட்ட நேரத்தைப் பழிக்க முடியாது, மதிப்பீடே தவறு. ஆகவே பலன்களுக்கும் இடமுண்டு. ஒற்றைப் பலன் வம்புக்கு உதவும். சேர்த்து வைத்த பலன்களே சாட்சியாகும்.

இதைத் தனிமனிதரைவிட அமைப்புகளிடம்தான் அதிகம் எதிர்பார்க்கிறேன். ஊராட்சி, கூட்டுறவுச் சங்கம், பாசனச் சபை, கல்லூரி ஆட்சிக்குழு என எல்லா இடத்திலும் தீர்மானப் புத்தகம் இருக்கிறது. அதில் ‘ஒருமனதாக நிறைவேறியது’ என்று எழுதுகிறோம். ஏன் என்று எழுதுவதில்லை. காரணத்தையும் எதிர்பார்ப்பையும் இரண்டு வரி சேர்த்து எழுதினால், ஐந்தாண்டுக்குப் பின் வருகிறவர்கள் நம்மைப் பலனைக் கொண்டு தூற்றவோ போற்றவோ வேண்டியிருக்காது. எழுதியதைப் படித்துத் தீர்ப்பு சொல்லலாம். அந்தத் தீர்ப்பு நமக்கு எதிராகவும் அமையலாம். அதற்கு உடன்பட்டுத்தான் கையெழுத்திட வேண்டும்.

ஊழுக்கு ஓர் அதிகாரம் தந்த வள்ளுவர் அதே நூலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் தந்தார். விழும் சீட்டு நம் பொறுப்பல்ல. அது விழுவதற்கு முன் நாம் என்ன கணக்கிட்டோம், எவ்வளவு கட்டினோம், யாருடைய பணத்தைக் கட்டினோம், யாருடைய உயிரைக் கட்டினோம் என்பது முழுக்க நம் பொறுப்பு. கேள்வி கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான். வெற்றி கிடைத்த நாளிலும் கேட்க வேண்டும்.